ஒன்றே முக்கால் சதவீத மலை

மலைப்பக்கம் சைக்கிள் ஓட்டப் போகிறவருக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று ஏற்றம், இன்னொன்று கார். ஏற்றத்தோடு எப்படியாவது சமாதானம் செய்துகொள்ளலாம். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. கார் விஷயம் வேறு. கொண்டை ஊசி வளைவில் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறும்போது ஒதுங்க இடம் இருக்காது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ சைக்கிளில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு எதிரிகளும் இல்லாத மலைவழி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மேரிலாண்ட் மாநிலத்தின் கம்பர்லண்டில் தொடங்கி, அப்பலாச்சியன் மலைகளைக் குறுக்கே கடந்து, பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கில் முடிகிறது. பெயர் கிரேட் அலிகேனி பாசேஜ். ஓட்டுகிறவர்கள் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கேப்’ என்று சுருக்கிவிட்டார்கள். நீளம் சுமார் 240 கிலோமீட்டர். பெரும்பகுதி, பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பி இறுக்கிய சரளைப் பாதை. ஊர்களுக்குள் வரும் சில தெருக்களையும் சாலைக் குறுக்கீடுகளையும் விட்டால், வழியில் காரைப் பார்க்கவே முடியாது. ஏற்றம் மிக அதிகமாக இருக்கும் இடத்திலும் ஒன்றே முக்கால் சதவீதம்தான். அதாவது நூறு மீட்டர் மிதித்தால் ஒன்றே முக்கால் மீட்டர் உயர்வோம்.

இவ்வளவு சாதுவான ஏற்றத்தைச் சைக்கிள்காரர்களுக்காக யாரும் வெட்டித் தரவில்லை. அது ரயிலுக்காக வெட்டியது. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருள்வது சுலபம்; அதே காரணத்தால் வழுக்குவதும் சுலபம். நீளமான சரக்கு ரயிலை இழுக்கும் எஞ்சினுக்கு இரண்டு சதவீத ஏற்றமே பெரும்பாடு. நம் நீலகிரி மலை ரயில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏறுகிறதே என்றால், அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் இருக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. நான்கு பெட்டிப் பயணிகளை அப்படி ஏற்றலாம். ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை ஏற்ற முடியாது. அதனால் அலிகேனி மலைகளில் ரயில் போட்டவர்கள் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்டினார்கள், மற்ற இடங்களில் ஆறு வளைந்தபடியெல்லாம் வளைந்து போனார்கள். எஞ்சினுக்கு எது கஷ்டமோ அதுதான் மனிதக் காலுக்கும் கஷ்டம். ரயில் நின்றுபோன பிறகு அந்த வழி காலுக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் போனது அக்டோபரில். இலைகள் நிறம் மாறும் மாதம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வழியிலுள்ள பெரிய ரயில் குகையின் கதவுகளை டிசம்பர் நடுவில் சாத்தினால் ஏப்ரல் தொடக்கத்தில்தான் திறப்பார்கள். பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் துணைக்கு வந்தான். என்னைவிட இளையவன். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். அவனுக்கு இந்தப் பாதை வீட்டுத் திண்ணை மாதிரி; எந்த ஊரில் குழாயில் தண்ணீர் வரும், எந்தக் கடை திங்கட்கிழமை பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி.

பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் போகும் ஆம்டிராக் ரயில் விடியுமுன் கிளம்புகிறது. முன்பதிவு செய்திருந்தால் சைக்கிளைப் பிரிக்காமல் கட்டாமல் அப்படியே உருட்டி ஏற்றலாம். காலையில் கம்பர்லண்டில் இறங்கி, ரயிலில் வந்த தூரத்தை மிதித்துத் திரும்ப வேண்டும். சைக்கிள் எது என்று கேட்பவர்களுக்கு: கிராவல் பைக் என்பது பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலவே வளைந்த ஹேண்டில்பாரோடு இருக்கும். டயர் மட்டும் தடிமன், 40 மில்லிமீட்டர் அளவில். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் சரளையின் அதிர்வு கைக்கு வராது. இந்தப் பாதைக்கு அதுகூடக் கட்டாயமில்லை. கூடை வைத்த பழைய சைக்கிளில், பேரக்குழந்தையை இழுவண்டியில் உட்காரவைத்து ஓட்டிய ஒரு தாத்தாவை வழியில் பார்த்தோம்.

கம்பர்லண்ட் சின்ன ஊர்தான், ஆனால் ஒரு பந்தயத்தின் முடிவுக்கோட்டை இங்கே வந்து பார்க்கலாம். 1828 ஜூலை 4 அன்று, ஒரே நாளில், இரண்டு வேலைகளுக்குப் பூமிபூஜை நடந்தது. வாஷிங்டன் பக்கத்தில் செசபீக்-ஒஹாயோ கால்வாய். பால்டிமோரில் பால்டிமோர்-ஒஹாயோ ரயில்வே. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான், மலையைத் தாண்டி ஒஹாயோ ஆற்றைத் தொடுவது. ரயில் 1842-ல் கம்பர்லண்டுக்கு வந்துவிட்டது. கால்வாய் வந்து சேர்ந்தபோது 1850. அதற்கு மேல் அது ஓர் அடிகூட நகரவில்லை. 1924-ல் படகுகளும் நின்றன. கோவேறு கழுதைகள் படகை இழுத்து நடந்த கரைதான் இன்றைக்கு வாஷிங்டன் வரை 297 கிலோமீட்டர் நீளும் இன்னொரு சைக்கிள் பாதை. இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறவர்களும் உண்டு. கால் ஒத்துழைத்தால் பிட்ஸ்பர்க்கிலிருந்து தலைநகரம் வரை பெரும்பாலும் காருக்கு வழிவிடாமலே போய்விடலாம்.

கம்பர்லண்டை விட்டதும் மலை எதிரே சுவராக நிற்கிறது. வில்ஸ் ஓடை அந்தச் சுவரை அறுத்துக்கொண்டு வந்த இடுக்கு ஒன்று இருக்கிறது. ஓடை, சாலை, ரயில், சைக்கிள் பாதை நான்கும் அந்த இடுக்கில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நுழைகின்றன. ஃபிராஸ்ட்பர்க் வரை பக்கத்திலேயே ஒரு தண்டவாளம் வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான மலை ரயில் அதில் ஓடுகிறது. பிரஷ் என்ற குகையை ரயிலும் சைக்கிளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ரயில் உள்ளே இருக்கும்போது நாம் நுழையக் கூடாது. வெளியே நின்று அது கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒன்றே முக்கால் சதவீதம் என்று காகிதத்தில் படித்தபோது சிரிப்பாக இருந்தது. உட்கார்ந்து மிதித்தபோது அதன் குணம் புரிந்தது. அது ஆளை அடிப்பதில்லை, விடுவதும் இல்லை. நம் மலைச்சாலைகளில் செங்குத்தாக ஏறி, ஒரு திருப்பத்தில் சமதளம் வந்து, மூச்சு விட்டு, மறுபடி ஏறுவோம். இங்கே சமதளமே கிடையாது, செங்குத்தும் கிடையாது. முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு ஒரே சீரான அழுத்தம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் பாதையில் கால் ஏன் இப்படிக் கனக்கிறது என்று ஆரம்பத்தில் பிரேக்கைக் குனிந்து பார்த்தேன். “பிரேக் எல்லாம் சரியாத்தான் இருக்கு மச்சான், மலைதான் புடிச்சிருக்கு” என்றான் மாப்பிள்ளை. கியரைக் குறைத்து, பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்துக்கு வந்த பிறகு உடம்பு பழகிவிட்டது. பேச முடிகிற வேகம்தான் இந்த ஏற்றத்துக்குச் சரியான வேகம்.

ஃபிராஸ்ட்பர்க் நிலையத்தருகே பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். தங்கை கட்டிக்கொடுத்த புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். சைக்கிள் பயணத்துக்கென்று கடையில் விற்கும் இனிப்புக் கட்டிகளை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உப்பு, புளி, எண்ணெய், சோறு நான்கும் சேர்ந்து தருவதை அவை தருவதில்லை. குளிரில் கெடாது என்பது கூடுதல் சௌகரியம்.

மேரிலாண்டுக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே உள்ள எல்லை மேசன்-டிக்சன் கோடு. 1763 முதல் 1767 வரை இரண்டு ஆங்கிலேய அளவையாளர்கள் காட்டுக்குள் சங்கிலி இழுத்து அளந்தது. பின்னாளில் அடிமை முறை இருந்த மாநிலங்களையும் இல்லாத மாநிலங்களையும் பிரிக்கும் கோடாக அதன் பெயர் அரசியலில் நிலைத்தது. பாதையில் அதைக் கல்லில் பொறித்துப் பதித்திருக்கிறார்கள். சைக்கிள் சக்கரம் அதைக் கடக்க அரை நொடி ஆகிறது.

எல்லையைத் தாண்டியதும் பிக் சாவேஜ் குகை. நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வாயில் நின்று திரும்பிப் பார்த்தால் ஏறிவந்த மேரிலாண்ட் பக்கத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. மேப்பிளும் ஓக்கும் அந்த மாதத்தில் சிவப்பும் துருவுமாக இருந்தன. உள்ளே நுழைந்தால் முதலில் படுவது குளிர். வெளியே வியர்த்திருந்த முதுகு சட்டென்று சில்லிட்டது. கூரையில் வரிசையாக விளக்குகள். இருந்தாலும் இரண்டு விளக்குகளுக்கு நடுவே ஓர் இருள் திட்டு வரும். அதில் நுழையும்போது கை தானாக பிரேக்கைத் தொடும். மறுமுனை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது, வெகுநேரம் அது வளர்வதே இல்லை. நாம் மிதிக்கும் சத்தம் முன்னால் போய்ச் சுவரில் மோதி எதிரே யாரோ வருவதுபோல் திரும்பி வருகிறது. 1911-லும் 1912-லும் இதைத் தோண்டியவர்களுக்கு இந்த மலை எளிதில் அடங்கவில்லை. ஈரமும் இளகிய பாறையுமாகச் சரிந்துகொண்டே இருந்தது. கைவிட்ட பிறகு மறுபடி சரியத் தொடங்கியதைப் பல மில்லியன் டாலர் செலவில் செப்பனிட்டுத்தான் பாதைக்குத் திறந்தார்கள். குளிர்காலத்தில் கதவைச் சாத்துவதும் அதற்காகவே. உள்ளே கசியும் நீர் உறைந்தால் விரியும், விரிந்தால் சுவரைப் பிளக்கும்.

அங்கிருந்து சற்று தூரத்தில், 729 மீட்டர் உயரத்தில், கிழக்குக் கண்டப் பிரிவு. ஒரு சின்ன சாலைப் பாலத்துக்கு அடியில் பாதை நுழையும் இடம். சுவரில் மொத்தப் பாதையின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்திருக்கிறார்கள். இங்கே விழும் மழையில் கிழக்கே ஓடுவது செசபீக் விரிகுடா வழியாக அட்லாண்டிக்கை அடையும். மேற்கே ஓடுவது ஒஹாயோவில் கலந்து, மிசிசிப்பியில் கலந்து, மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். மேற்குத்தொடர்ச்சி மலையில் பிறந்தும் அரபிக்கடலைத் திரும்பிப் பார்க்காமல் கிழக்கே போகும் காவிரியைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. சுவரில் இருந்த கோட்டின்படி, கம்பர்லண்டிலிருந்து 38 கிலோமீட்டரில் 540 மீட்டர் ஏறியிருக்கிறோம். பிட்ஸ்பர்க்குக்கு இன்னும் 200 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய அதே உயரத்தை இறங்க வேண்டும். அந்த இறக்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மிதிக்காமல் உருள முடியாது, மிதித்தால் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போகும். கம்பர்லண்டிலிருந்து தொடங்குவதா பிட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்குவதா என்று ஓட்டுகிறவர்களிடையே முடியாத விவாதம் உண்டு. முதல் நாளே கடனை அடைத்துவிடுவது நல்லது என்பது என் கட்சி.

மேயர்ஸ்டேலைத் தாண்டியதும் சாலிஸ்பரி பாலம். கேசல்மன் ஆறு, நெடுஞ்சாலை, இன்றும் ரயில் ஓடும் தண்டவாளம் எல்லாவற்றுக்கும் மேலாக, சுமார் 580 மீட்டர் நீளத்துக்கு, தரையிலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில் இரும்புக் கால்களில் நிற்கிறது. கீழே மக்காச்சோளம் அறுத்த வயல்கள், பால்மாட்டுப் பண்ணைகள், எதிர்மலை முகட்டில் காற்றாலைகள். நாங்கள் நடுப்பாலத்தில் இருந்தபோது கீழே நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று வந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கிய மாப்பிள்ளை தொண்ணூறுக்கு மேல் விட்டுவிட்டான்.

கீழே ரயில் ஓடுகிறது, மேலே சைக்கிள் ஓடுகிறது. இந்தக் காட்சிக்குள்தான் பாதை பிறந்த கதை இருக்கிறது. கீழே இருப்பது 1828-ல் தொடங்கிய அந்தப் பால்டிமோர்-ஒஹாயோ ரயில்வேயின் வழி. மேலே நாங்கள் நின்றது அதற்குப் போட்டியாக வந்த வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே 1912-ல் திறந்த வழி. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு கரையில் தண்டவாளம் போட்டு ஒரே நிலக்கரிக்கு அடித்துக்கொண்டன. பின்னாளில் இரண்டும் ஒரே முதலாளியின் கைக்குப் போனபோது ஒரு கரை போதும் என்றானது. 1975-ல் இந்தக் கரையை மூடினார்கள். பள்ளத்தாக்கையே கலக்கிய ஒரு வழியின் ஆயுள் 63 வருஷம்.

மூடிய ரயில்பாதை அமெரிக்காவில் வேகமாகக் காணாமல் போகும். பல இடங்களில் ரயில்வேக்கு நிலம் சொந்தமே இல்லை, அதன்மேல் போய்வரும் உரிமை மட்டும்தான். ரயில் நின்றால் உரிமையும் போகும், நிலம் பக்கத்துக் காட்டுக்காரருக்குத் திரும்பும். அவர் வேலி போடுவார், இன்னொருவர் கொட்டகை கட்டுவார். நூறு கிலோமீட்டர் வழியில் நூறு மீட்டர் போனாலும் வழி போனதுதான். இதைத் தடுக்க 1983-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. என்றைக்காவது ரயிலுக்குத் தேவைப்பட்டால் திருப்பித் தருவோம் என்ற நிபந்தனையோடு பாதையை நடைக்கும் சைக்கிளுக்கும் விடலாம். அப்படி விட்டால் அது கைவிட்டதாகச் சட்டப்படி கணக்காகாது. நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அமெரிக்காவின் பல ரயில்வழிப் பாதைகள் இந்த ஏற்பாட்டில் தப்பிப் பிழைத்தவை.

இங்கேயோ அந்தச் சட்டத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 1978-ல் மேற்குப் பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, கான்ஃப்ளூயன்ஸ் ஊரிலிருந்து கானல்ஸ்வில் வரையிலான நிலத்தை விலைக்கு வாங்கிப் போட்டது. 1986-ல் ஒஹாயோபைல் பக்கத்தில் பதினைந்து கிலோமீட்டர் அளவுக்குச் சரளை போட்டுத் திறந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு ஊரும் தன் துண்டைத் தானே சீர்செய்தது. 1995-ல் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்ட சங்கங்கள் ஒரே கூட்டணியாகச் சேர்ந்தன. பாலத்துக்குப் பணம், குகைக்குப் பணம், ஒரு தொழிற்சாலைக்குப் பின்புறம் போக அனுமதி என்று ஒவ்வொன்றாக முடித்து, பிட்ஸ்பர்க்குக்கு அருகே கடைசி மைல் இணைந்தது 2013-ல்.

ராக்வுட்டில் இரவு தங்கினோம். பழைய வீட்டை விடுதியாக்கி நடத்தும் அம்மாள் வாசலிலேயே தண்ணீர்க் குழாயையும் பிரஷ்ஷையும் காட்டினார். சுண்ணாம்புக்கல் பொடி காய்ந்திருக்கும்போது நல்ல பொடி. மழையில் நனைந்தால் சாம்பல் நிறக் குழம்பாகிச் சங்கிலியில் அப்பிக்கொள்ளும், விடியும்போது சிமெண்ட். மத்தியானம் பிடித்த சாரலில் எங்கள் சைக்கிள்கள் இரண்டும் திருநீறு பூசிய கோலத்தில் நின்றன. கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுக் கட்டினோம். சாப்பிடும்போது அந்த அம்மாள் சொன்னார்: தன் அப்பா ரயிலில் வேலை பார்த்தவர், பாதை வரும் என்றபோது நம்பாதவர், யார் இந்த மழையிலும் குளிரிலும் ஆசைப்பட்டு இங்கே வந்து மிதிக்கப்போகிறார்கள் என்று கேட்டவர். “இப்போது நான் உங்களுக்குச் சூப் ஊற்றுகிறேன்” என்று சிரித்தார். இந்த ஊர்களை ‘பாதை ஊர்கள்’ என்றே அழைக்கிறார்கள். சைக்கிளில் வருகிறவன் காரில் வருகிறவனைப்போல ஊரைத் தாண்டிப் போய்விட முடியாது. பசிக்கும், இருட்டும், எங்காவது நின்றாக வேண்டும். அந்தத் தேவையை நம்பித்தான் ஒரு விடுதியும் ஒரு சைக்கிள் கடையும் ஒரு ஐஸ்கிரீம் கடையும் இங்கே பிழைக்கின்றன. மூடிய நிலக்கரிச் சுரங்கங்களின் வேலையை இவை திருப்பித் தந்துவிடவில்லை. தெருவில் பலகை அடித்த சன்னல்கள் இன்னும் நிறைய.

கான்ஃப்ளூயன்ஸில் மூன்று நீரோட்டங்கள் கூடுகின்றன. வான்கோழியின் பாதம்போல் இருப்பதால் அந்தக் கூடலுக்குப் பழைய பெயர் டர்க்கிஃபூட். 1754-ல் இருபத்திரண்டு வயது அதிகாரியாக ஜார்ஜ் வாஷிங்டன் இங்கே வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் கோட்டைக்குப் படகில் போக வழி இருக்கிறதா என்று யாக்ககேனி ஆற்றில் இறங்கிப் பார்த்தார். ஒஹாயோபைல் அருவியைக் கண்டதும் திரும்பிவிட்டார். இன்று அதே நீரில் ரப்பர் படகில் குதிக்கக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். அருவியின் உயரம் பெரிதில்லை, ஆறு மீட்டர் இருக்கும். ஆனால் ஆறு முழு அகலத்தோடு விழுவதால் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கிறது. ஆறு அங்கே ஒரு தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. ரயில் போட்டவர்களுக்கு அந்தச் சுற்று பிடிக்கவில்லை, இரண்டு பாலங்களால் நேரே வெட்டிவிட்டார்கள். ஃபிராங்க் லாயிட் ரைட் ஓடையின் மேலேயே கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடும் சில கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் அங்கே போக மேடும் காருமாக உள்ள சாலையில் ஏற வேண்டும். இரண்டு எதிரிகளையும் ஒரேயடியாகச் சந்திக்க மனம் வரவில்லை.

ஒஹாயோபைலிலிருந்து கானல்ஸ்வில் வரை இருபத்தேழு கிலோமீட்டர். மொத்தப் பயணத்தில் மிக அழகான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒருபுறம் ரோடோடென்ட்ரான் புதர்கள் மூடிய பாறைச்சரிவு, மறுபுறம் பள்ளத்தில் ஆறு. சாலையே இல்லாததால் காதுக்கு வருவது நீரின் இரைச்சலும் டயருக்கடியில் சரளை நெரிவதும்தான். மான்கள் பாதையிலேயே நின்று பார்க்கும். மணியடித்தால் நகராது, பேசினால் நகரும். தமிழில் அதட்டினாலும் நகர்ந்தது.

கானல்ஸ்வில்லுக்கு அப்பால் காட்சி மாறுகிறது, அல்லது காட்சிக்கு அடியில் இருப்பது மேலே வருகிறது. பாதையோரச் சரிவில் செடிகொடிகளை விலக்கிப் பார்த்தால் செங்கல் வளைவுகள் வரிசையாகத் தெரியும். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கிய சூளைகள், தேன்கூட்டு வடிவம். இரும்பை உருக்கக் கோக் வேண்டும். அதற்கு இந்தக் கானல்ஸ்வில் படிவத்தைவிட நல்ல கரி அப்போது எங்கும் இல்லை என்றார்கள். ஹென்றி கிளே ஃபிரிக் என்ற இளைஞர் 1870-களில் இங்கே நிலத்தையும் சூளையையும் வாங்கிக் குவித்துப் பெரும் பணக்காரரானார், பின்பு ஆண்ட்ரூ கார்னகியின் கூட்டாளியானார். ஒரு காலத்தில் இரவில் இந்த மலைகள் முழுக்கச் சூளை நெருப்பு. இன்று ஒரு சூளையின் வாய்க்குள் ஒரு மேப்பிள் மரம் வளர்ந்து நிற்கிறது.

வெஸ்ட் நியூட்டனுக்கு முன்பாக, ஜேக்கப்ஸ் கிரீக் பக்கத்தில், ஒரு நினைவுப் பலகை. 1907 டிசம்பர் 19 அன்று டார் சுரங்கத்தில் வெடிவிபத்து. 239 பேர் செத்தார்கள். பென்சில்வேனியாவில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய சுரங்கச் சாவு நடந்ததில்லை. பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள், சிறுவர்களும் இருந்தார்கள். அன்று கிழக்குத் திருச்சபை நாட்காட்டிப்படி புனித நிக்கோலஸ் திருநாள். பூசைக்குப் போக வேலைக்கு வராதவர்கள் பலர் பிழைத்தார்கள். அதே மாதம் 6-ம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் மோனங்காவில் 362 பேர். இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், 1910-ல், அமெரிக்க அரசு சுரங்கங்களுக்கென்று ஒரு துறையைத் தொடங்கியது. பலகையைப் படித்துவிட்டு மாப்பிள்ளை கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். பிறகு, “நம்மூர்ல இருந்து சிங்கரேணிக்கும் ஜாரியாவுக்கும் கரி வெட்டப் போனவங்களும் இப்படித்தானே மச்சான்” என்றான்.

மூடிய சுரங்கங்கள் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்த கிலோமீட்டர்களில் பாறையிலிருந்து ஒரு நீர்த்தாரை செக்கச்செவேலென்று வழிகிறது. கரிப்படிவத்தோடு இருக்கும் இரும்புக் கந்தகம், தோண்டிய பள்ளத்தில் காற்றும் நீரும் பட்டதும் அமிலமாகிறது. அமிலம் இரும்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து காற்றில் துருவாகப் படிகிறது. இன்னோர் இடத்தில் அலுமினியம் படிந்து பாறை முழுக்க வெள்ளை. தொட்டுப் பார்த்தேன், சந்தனக் குழம்புபோல் வழவழவென்று விரலில் ஒட்டியது, துடைத்தும் போகவில்லை. கரி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் கண்மூடிவிட்டார்கள், நீர் நிற்கவில்லை.

மெக்கீஸ்போர்ட்டில் யாக்ககேனி மொனாங்கஹீலாவில் கலக்கிறது. இனி நகரத்தின் வாடை. ஹோம்ஸ்டெட்டில் பன்னிரண்டு புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் கீழே ஆலை இல்லை; பேரங்காடியும் திரையரங்கும் இருக்கின்றன. ஆலை 1986-ல் மூடியது. அதற்குச் சற்று முன்பே ஆற்றோரத்தில் செங்கல்லாலான பம்ப் ஹவுஸ். 1892 ஜூலை 6 அன்று, கதவடைப்பு செய்த ஆலையைப் பிடிக்க பிங்கர்டன் கம்பெனியின் 300 கூலிக் காவலர்கள் படகில் வந்து இறங்கியது இங்கேதான். ஏவியவர் கானல்ஸ்வில்லில் நாம் பார்த்த அதே ஃபிரிக். கரையில் திரண்ட தொழிலாளர்களோடு நாள் முழுக்கச் சண்டை; இரு தரப்பிலும் உயிர்கள் போயின; மாநிலப் படை வந்தது; சங்கம் உடைந்தது. மலையில் கரி, நடுவழியில் கோக், ஆற்றோரத்தில் எஃகு என்ற வரிசையில்தான் இந்தப் பாதை இறங்குகிறது. எஞ்சின் எதற்காக மலையேறியது என்பது இங்கே வந்து சேரும்போது முழுமையாகப் புரிகிறது.

கடைசியாக மொனாங்கஹீலாவைக் கடப்பது ஹாட் மெட்டல் பாலத்தில். உலையிலிருந்து உருகிய இரும்பைக் குழம்பாகவே தொட்டிகளில் ஏற்றி மறுகரை ஆலைக்கு ரயிலில் கொண்டுபோன பாலம். 2007 முதல் அதில் சைக்கிள் போகிறது. அங்கிருந்து அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே புகுந்து, அலிகேனியும் மொனாங்கஹீலாவும் கூடி ஒஹாயோ ஆகும் முனையில் பாதை முடிகிறது. மறுநாள் காலை பென் ஹில்ஸில் உள்ள வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். 1970-களில் எழும்பிய கோயில், அமெரிக்காவின் ஆரம்பகால இந்துக் கோயில்களில் ஒன்று. இரும்பாலைகள் மூடத் தொடங்கிய அதே பத்தாண்டுகளில் பிட்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்த பொறியாளர்களும் மருத்துவர்களும் கட்டியது. ஒரு தொழில் நகரத்தை விட்டுப்போகும்போது வேறு யாரோ வந்து இறங்குகிறார்கள். மடைப்பள்ளிப் புளியோதரைக்கு முன்னால் தங்கையின் புளியோதரை கொஞ்சம் தோற்றுத்தான் போனது. இதை அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

காரில்லாத கிராமவழி என்றால் மனித வாடை படாத இயற்கை என்று நினைப்பது வழக்கம். இந்த வழியில் ஒரு மீட்டர்கூட அப்படிக் கிடையாது. ஒவ்வொரு வளைவும் யாரோ ஒரு கணக்கன் செலவுக் கணக்குப் பார்த்துப் போட்டது. 1912-ல் ரயிலைத் திறக்க வெடிமருந்தும் முதலும் கூலியும் போதுமானதாக இருந்தன. அதே வழியை ஒரு துண்டும் சிதறாமல் காத்து, மனிதர்கள் நடக்கும்படி ஆக்குவதற்கு 1978 முதல் 2013 வரை 35 வருஷம் பிடித்தது. ஒரு பாதையைப் போடுவதற்குப் பணக்காரர்கள் போதும், அதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கப் பிடிவாதக்காரர்கள் வேண்டும். மலை இன்றும் 729 மீட்டர்தான். அதை ஒன்றே முக்கால் சதவீதமாக்கிய கூலியைக் குகை தோண்டியவர்களும், கரியில் புதைந்தவர்களும், சங்கம் வைத்துத் துண்டு நிலம் சேர்த்தவர்களும் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். எங்கள் பங்குக்கு வந்தது மிதிக்கிற வேலை மட்டும்.